சிங்கத்துக்குள் வரிக்குதிரைப் புழு

ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் அன்ரி என்று ஆண்டுமலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். உங்களில் பாதிப்பேர் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இதைத் தாயிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லித்தான் கேட்கப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, அம்மாவும் கேட்கட்டும். ஆனால் வாழ்த்துரை எழுத எனக்கு வராது. நான் விட்ட பிழை ஒன்றை எழுதுகிறேன். சரியாகச் சொன்னால் இரண்டு பிழைகள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவள் நான். இங்கே வந்து டோனட் கடையில் மூன்று வருடம், பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் இரண்டு வருடம் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஸ்காபரோவில் ஒரு தனியார் விலங்கு நோய் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. அதுவும் ஆறு மாதம் தற்காலிகமாக. ஆறு மாதம் முடியப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள். வெள்ளைக் கோட்டு மறுபடியும் போட்டுக்கொண்ட முதல் நாள் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது உங்களுக்கு விளங்கவேண்டும். விளங்கினால்தான் பிறகு நான் செய்தது ஏன் என்று தெரியும்.

எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பெரும்பாலும் வந்தவை நாய், பூனை, பண்ணை மாடு. ஒரே ஒரு வாடிக்கையாளர் மட்டும் வித்தியாசம். ஸ்ரௌவ்வில் என்ற ஊரையும் தாண்டி வடக்கே ஒரு தனியார் வனவிலங்குப் பூங்கா இருந்தது. இப்போது இல்லை. ஆபிரிக்காவிலிருந்து வந்த விலங்குகள்தான் அங்கே அதிகம். சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, காட்டெருமை. அவற்றின் மலம் சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் குவளைகளில் எங்களிடம் வரும். அவற்றின் வயிற்றில் வாழும் புழுக்களும் ஆபிரிக்காவிலிருந்து கூடவே வந்தவைதான். விசா கேட்காமல் வந்தவை என்று எங்கள் மனேஜர் சொல்லிச் சிரிப்பார். அவர் ஒரு அங்கேரியப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், அதைத் தவிர வேறு பகிடி அவரிடம் நான் கேட்டதில்லை.

என் ஐந்தாவது மாதம். மார்ச். வாகனத் தரிப்பிடத்தில் பனி கறுத்துக் கிடந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, குட்டி ஈன்று பத்து நாளான பெண் சிங்கம் ஒன்றின் மலம் வந்தது. வயிற்றோட்டம், உணவில் விருப்பமில்லை, அவசரம் என்று குவளையில் எழுதியிருந்தது.

நான் கண்ணாடித் தட்டை மைக்ரொஸ்கோப்பில் வைத்துக் கண்ணைக் கொடுத்த உடனேயே முட்டை தெரிந்தது. முட்டை வடிவம், மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக்குலை போல் கலங்கள். எனக்கு அது பழைய சிநேகிதியைக் கண்டதுபோல் இருந்தது. கொழுக்கிப் புழு! யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த கொழுக்கிப் புழு முட்டைகளை எண்ணி முடியாது. வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்பவர்கள், குடலில் தொற்றி அது குடிப்பதால் இரத்தம் குறைந்து வெளிறிப்போன பிள்ளைகள் என்று நாளுக்குப் பத்துக் குவளையிலாவது அதைப் பார்த்திருப்பேன். சிங்கத்துக்கும் கொழுக்கிப் புழு வரும் என்று புத்தகத்திலும் படித்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் இன்னும் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் அறிக்கையே எழுதி முடித்துவிட்டேன்.

ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை. முட்டையை அளக்கவில்லை. கண்ணாடிக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது, அரை நிமிட வேலை. உண்மையைச் சொன்னால், முட்டை கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் கனடாவுக்கு வந்ததிலிருந்து எனக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரிந்தது. பால் பை, வீதி, உருளைக்கிழங்கு எல்லாமே பெரிது. மைக்ரொஸ்கோப்பும் நான் ஊரில் பாவித்ததை விடப் புதிது. அதனால்தான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று கூடச் சொல்ல முடியாது, நினைக்காமல் விட்டேன்.

அறிக்கை பூங்காவுக்கு ஃபாக்ஸில் போனது. அரை மணித்தியாலத்தில் பூங்காவின் மிருக வைத்தியர் தொலைபேசியில் வந்தார். விரைவாகச் செய்ததற்கு நன்றி சொன்னார். கொழுக்கிப் புழு தாய்ப்பால் வழியாகக் குட்டிகளுக்கு இறங்கிவிடும், பத்து நாள் குட்டிகளின் உடம்பில் உள்ள இரத்தம் அதற்குப் போதாது, ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குத் தாயை மயக்கிவிட்டு இரண்டு குட்டிகளையும் எடுத்துவிடப் போகிறோம் என்றார். பிறகு போத்தல் பால்தான். ஒருதரம் எடுத்தால் தாய் திரும்ப ஏற்றுக்கொள்ளாது, அது கவலைதான், ஆனால் வேறு வழியில்லை என்றும் சொன்னார். நான் பெரிய மனுசி போல், ஓம் நல்ல முடிவு என்றேன். வைத்தியர் ஒருவர் என் சொல்லை வைத்து முடிவெடுத்து ஐந்து வருடமாகியிருந்தது. தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. புதிய விலங்கொன்றில் கண்ட முட்டையை என் சொந்தக் கொப்பியில் பென்சிலால் வரைந்து வைப்பேன். சிங்கத்தில் கொழுக்கிப் புழு, முதல் தடவை, வரையாமல் விடலாமா? மதியச் சாப்பாட்டுக்குப் போகமுன் திரும்பத் தட்டை வைத்தேன். வரைந்து முடித்தால் பக்கத்தில் அளவு எழுதவேண்டும். அளந்தேன். கொழுக்கிப் புழு முட்டை அறுபது மைக்ரோன் பக்கம் நிற்கும். இது தொண்ணூறு. இன்னொன்றை அளந்தேன், எண்பத்தெட்டு. இன்னும் ஐந்து அளந்தேன். ஒன்றுகூட எனக்கு இரங்கவில்லை.

இது கொழுக்கிப் புழு இல்லை. இந்த அளவில் முட்டை இடுவது புல் மேயும் மிருகங்களின் குடலில் வாழும் புழு. சிங்கத்தின் குடலில் அது குடியிருக்கவே மாட்டாது. எதையோ தின்றதால் முட்டைகள் உள்ளே போய் அப்படியே வெளியே வந்திருக்கின்றன. பஸ்ஸில் ஏறி அடுத்த தரிப்பில் இறங்கியவர்களை அங்கேயே குடியிருப்பவர்கள் என்று எழுதிவிட்டேன்.

மணி பன்னிரண்டேகால். மூன்று மணிக்குக் குட்டிகளை எடுப்பார்கள்.

இந்த இடத்தில் நான் உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. பத்து நிமிடம் அந்த முக்காலியிலேயே இருந்தேன். குட்டிகள் எப்படியும் போத்தல் பாலில் வளரும், ஒருவருக்கும் தெரியவராது, இன்னும் நாலு கிழமை கடந்தால் வேலை நிரந்தரம். இப்படியெல்லாம் யோசித்தேன். அப்போது என் மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு மூன்று. நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது மூத்தவளைப் பத்து மாதம் அம்மாவிடம் விட்டிருந்தேன். திரும்ப என் கையில் வந்தபோது அவள் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகம் நினைவுக்கு வந்தது. அதுதான் என்னை எழுப்பியது. தொழில் தர்மம் கிர்மம் என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. எத்தனை முட்டை அளந்தாய் என்று மட்டும் கேட்டார். ஏழு என்றேன். தானும் வந்து மூன்று அளந்தார். பிறகு தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். அவர் எனக்காகக் கதைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வைத்தியருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். காலையில் ஒன்று சொல்கிறாய், மதியம் ஒன்று சொல்கிறாய், இதில் எதை நான் நம்புவது என்றார். அந்தச் சிங்கத்துக்குக் கொடுப்பது எலும்பும் குடலும் இல்லாத சுத்தமான இறைச்சி மட்டும்தான், அதில் எப்படிப் புழு முட்டை வரும் என்று கேட்டார். அதைக் கண்டுபிடிக்க இரண்டரை மணி வரை நேரம் தாருங்கள் என்று கெஞ்சினேன். அது வரை பொறுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சிங்கக் கூண்டுப் பக்கத்துத் தொலைபேசி இலக்கம் எங்கள் கோப்பில் இருந்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், ஹலோ என்று சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, நீங்கள் தமிழோ?"

"ஓம் அக்கா. ஆர் கதைக்கிறது?"

பெயர் அருள் என்றார். மன்னார்ப் பக்கம். ஊரில் கால்நடை வைத்தியரோடு உதவியாளராக இருந்தவராம், இங்கே கூண்டு கழுவுகிற வேலைக்கு வந்து, இரண்டு வருடத்தில் சிங்கங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற மூன்று பேரில் ஒருவராக ஆகியிருந்தார். நான் யார் என்று சொல்லி, அந்தக் கிழமை தாய்ச் சிங்கம் என்ன தின்றது என்று கேட்டேன். பட்டியலில் இருக்கிறதுதான் என்றார். பட்டியலில் இல்லாதது ஏதும் என்று கேட்டேன். தண்ணீர்க் குழாயை யாரோ பூட்டுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, நீங்கள் சொன்னால் குட்டியள் தாயோட நிக்கும். சொல்லாட்டி மூண்டு மணிக்குப் பிரிச்சுப்போடுவினம்."

"அக்கா, எனக்கு இந்த வேலை வேணும்."

"உங்கட பேர் ஒரு இடத்திலயும் வராது. நான் பாத்துக்கொள்ளுறன்."

பிறகு சொன்னார்.

"திங்கட்கிழமை ஒரு வரிக்குதிரை வேலியில அடிபட்டுக் கழுத்து முறிஞ்சு செத்தது. இறைச்சியைச் சிங்கங்களுக்குக் குடுக்கலாம், குடலை எரிக்கோணும் எண்டதுதான் இஞ்சத்த சட்டம். நான் குடலை எரிக்கேல்லை அக்கா. குட்டி ஈண்டதிலயிருந்து தாய்ச் சிங்கம் ஒண்டும் தின்னேல்லை. இறைச்சியை மணந்து பாத்திட்டுத் திரும்பிப் படுத்திடும். குடலைப் போட்ட உடன எழும்பித் திண்டது. அண்டைக்குத்தான் குட்டியளுக்கு வயிறு நிறையப் பால் வந்தது."

எனக்குத் தேவைப்பட்டது அதுதான். அந்த வரிக்குதிரை ஆபிரிக்காவிலிருந்து தன் வயிற்றில் கொண்டுவந்த புழு, அது இட்ட முட்டை, குடலோடு சேர்ந்து சிங்கத்துக்குள் போய் வியாழக்கிழமை என் மேசைக்கு வந்திருக்கிறது. வைத்தியரைத் திரும்ப அழைத்தேன். புல் மேயும் மிருகமொன்றின் குடல் சிங்கத்துக்குக் கிடைத்திருக்கிறது, மூன்று நாள் சுத்தமான இறைச்சி மட்டும் கொடுங்கள், ஞாயிறு மலத்தைத் திங்கள் காலை அனுப்புங்கள், உண்மையிலேயே கொழுக்கிப் புழு என்றால் முட்டை வந்துகொண்டே இருக்கும், வெறும் வழிப்போக்கர் என்றால் ஒன்றும் இராது என்று சொன்னேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. நீண்ட மூச்சு ஒன்று விட்டார். சரி, திங்கள் வரை பொறுக்கிறேன், இதுவும் பிழை என்றால் குட்டிகளின் சாவு உன் கணக்கில் என்றார்.

அந்த மூன்று நாளும் நான் சோறு தின்றதாக நினைவில்லை. ஞாயிறு பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வகுப்பு முடிய ஏற்றிவர மறந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். என் மனுசன்தான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய் ஏற்றிவந்தார்.

திங்கட்கிழமை குவளை வந்தது. நான்கு தட்டுப் பார்த்தேன். ஒரு முட்டையும் இல்லை. மனேஜர் நான்கு தட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. வைத்தியரிடம் சொன்னபோது, வயிற்றோட்டமும் நின்றுவிட்டது, குட்டிகள் பால் குடிக்கின்றன என்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் இதை ஆண்டுமலரில் எழுத எனக்கு ஒரு கூச்சமும் இருந்திராது. அவசரப்படாதீர்கள், அளந்து பாருங்கள், பிழை விட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று மூன்று புத்திமதியோடு முடித்திருப்பேன். அவை சரியான புத்திமதிகள்தான், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் திங்கள் பிற்பகல் இன்னொன்று நடந்தது.

உங்களுக்கு இப்போது எல்லாம் கணினியில். எங்களுக்கு அப்போது ஒரு பெரிய தடித்த பதிவுப் புத்தகம் இருந்தது. அதில் பிழையாக எழுதியதை அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது, பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. கீழே இருப்பது வாசிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் திகதியும் போடவேண்டும். நான் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, கொழுக்கிப் புழு என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன். காரணத்தையும் சுருக்கமாக எழுது என்று மனேஜர் சொல்லிவிட்டுப் போனார். பூங்காவுக்கு அனுப்பும் திருத்திய அறிக்கையிலும் அதே வசனம் போகும்.

வரிக்குதிரைக் குடல் தின்றதால் வந்த முட்டை என்று எழுதினால் போதும். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. நான் பேனையை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தேன். இன்னும் நாலு கிழமையில் என் வேலையைத் தீர்மானிக்கப்போகிறவர்கள் இந்தப் பக்கத்தைத்தான் திறப்பார்கள். அளக்காமல் எழுதியவள் என்பதுதான் அவர்கள் கண்ணில் படும். அப்படியில்லை, சட்டத்தை மீறி ஒருவர் குடல் கொடுத்ததால் வந்த குழப்பம், யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்று அவர்கள் நினைக்கவேண்டும் என்று விரும்பினேன். ஆகவே பராமரிப்பாளர் இன்னார் விதிக்கு மாறாகக் குடலைக் கொடுத்ததாக அவரே தெரிவித்தார் என்று எழுதினேன். பெயரோடு எழுதினேன். அவர் தமிழில் சொன்னதை நான் இங்கிலிஷில் எழுதினேன்.

எழுதும்போது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மறந்துபோய் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். முட்டையை அளக்காதது கவனக்குறைவு. இது கவனமாகச் செய்தது.

குடலைக் கொடுத்தது யார் என்று பூங்காக்காரர் தாங்களே தேடிக் கண்டுபிடித்திருக்கக்கூடும். மூன்று பேர்தானே. ஆனால் அது அவர்கள் வேலை, என்னுடையதல்ல. மலம் என்ன சொல்கிறதோ அதை எழுதுவதுதான் என்னுடைய வேலை. மலம் ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை.

நாலு கிழமையில் என்னை நிரந்தரமாக்கினார்கள். பிழையைத் தானே முன்வந்து சொன்னவர் என்று மனேஜர் எழுதிக்கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தை மனுசனுக்கு வாசித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பூங்காவுக்குப் போனோம். சிங்கக் குட்டி பார்க்கவேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. வாசலுக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் ஆட்டுக்குத் தீன் கொடுக்கிற பட்டி ஒன்று இருந்தது. அங்கே பச்சைச் சட்டையோடு ஒருவர் ஆட்டுப் புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தார். நான் மகளைக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் அந்த மனிதர் கூட்டுகிறதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். சட்டையில் பெயர்த் தகடு இருந்தது. வாசிக்கத் தேவையிருக்கவில்லை.

"நான்தான் தம்பி, அந்த லாப்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் அக்கா. குரல் ஞாபகமிருக்கு."

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. என் மகனின் கையில் ஒரு பிடி தீன் வைத்து, விரலை நீட்டிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். குட்டிகள் எப்படி இருக்கின்றன என்றுதான் கேட்க வந்தது.

"எனக்குத் தெரியாது அக்கா. அண்டைக்குப் பிறகு என்னை அந்தப் பக்கம் விடுறேல்லை."

பூங்காவின் அந்தக் கோடிக்குப் பத்து நிமிட நடைதான். ஐந்து மாதமாக அவர் அங்கே போகவில்லை.

நாங்கள் நடக்கத் தொடங்கியபோது பின்னால் கூப்பிட்டார். "சின்னக் குட்டி பிறந்ததிலயிருந்து வலது பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் தவழ்ந்தது. இப்ப ஊண்டி நடக்குதோ எண்டு பாத்திட்டு வந்து சொல்லுவீங்களோ?"

குட்டிகள் நாய் அளவுக்கு வளர்ந்திருந்தன. தாய் நிழலில் கிடந்தது, இரண்டும் அதன் மேல் ஏறி விழுந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் அலுத்துப்போய் ஐஸ்கிரீம் கேட்டார்கள். தகப்பனோடு அனுப்பிவிட்டு நான் நின்றேன். சின்னக் குட்டி எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வரை பார்த்தேன், திரும்பி வரும் வரை பார்த்தேன், ஓடும் வரை காத்திருந்து அதையும் பார்த்தேன். முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. பிறகு ஆட்டுப் பட்டிக்குத் திரும்பிப் போனேன்.

"நாலு காலும் ஊண்டித்தான் நடக்குது. ஓடேக்கையும் பாத்தனான். இழுக்கேல்லை."

"வடிவா, கவனமாப் பாத்தனீங்களோ?"

"ஓம். வடிவாப் பாத்தனான்."

தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் கூட்டத் தொடங்கினார். அடுத்த வருடம் போனபோது அவர் அங்கே இல்லை. விட்பி என்ற ஊர்ப் பக்கம் வேலை எடுத்துப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று பழைய புத்தகங்கள் இருக்கும் அறைக்குப் போய் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். உங்களில் அங்கே வேலை செய்கிறவர்கள் போய்ப் பார்க்கலாம், இன்னும் அங்கேதான் இருக்கிறது. கொழுக்கிப் புழு என்ற சொல்லும், அதன் மேல் என் ஒற்றைக் கோடும், கையெழுத்தும் திகதியும் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அதற்குக் கீழே அருளின் பெயர். பேனையைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிழையாக எழுதியதன் மேல் மட்டும்தான் கோடு இழுக்கலாம் என்பது எங்கள் விதி. அவருடைய பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. பேனையை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.